மூக்கர் மாட்டிய ஹோஸ்

பட்டறையில் அவருக்கு மூக்கர் என்று பேர். பார்த்தால் சாதாரண மூக்குதான். சளி பிடித்தால் சிவக்கும், வெயிலில் வேர்க்கும், கண்ணாடி போட்டால் நழுவும். ஆனால் அது செய்த வேலையைப் பட்டறையில் இருந்த எந்தக் கருவியும் செய்ததில்லை. காரின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோவிலில் குனிகிற மாதிரி ஒரு தரம் குனிந்து நிமிர்வார். "பம்ப்கிட்ட கசியுது" என்பார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் பம்ப் பக்கத்தில் கசிந்துகொண்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். பத்து நாளில் அவர்களும் மூக்கரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பட்டறை முதலாளியம்மாவுக்கு அந்த இடம் அப்பாவழி வந்தது. வாயைத் திறந்தால் அதட்டல்தான். அடுத்த நிமிஷம் மறந்துவிட்டு டீ வாங்கித் தருவார். பெட்ரோல் வேலை பார்த்த எந்த வண்டி வெளியே போனாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "மூக்கர் மோந்து பார்த்துட்டாரா?" பார்த்துவிட்டார் என்றால் சாவி வாடிக்கையாளர் கைக்குப் போகும். அதற்கு மேல் யாரும் அந்த வண்டியைத் தொடுவதுகூட இல்லை.

பட்டறையின் பின்சுவர் ஓரம் இரண்டு பழைய பெயிண்ட் டப்பாக்கள் உண்டு. வேலையில் மிச்சமாகிற ரப்பர் ஹோஸ் துண்டுகளெல்லாம் அதில்தான் விழும். ஒன்று பெட்ரோல் டப்பா, இன்னொன்று தண்ணீர் டப்பா. இரண்டு ஹோஸும் கருப்பு, இரண்டும் ஒரே பருமன், வளைத்தால் ஒரே மாதிரி வளையும். குணம்தான் வேறு. ரேடியேட்டர் தண்ணீருக்கென்று செய்த ரப்பரில் பெட்ரோலை விட்டால், அது குடித்துக் குடித்து ஊதி, நாளாவட்டத்தில் கொழகொழவென்று ஆகிவிடும். நீளமான ஹோஸ் என்றால் மேலே அச்சடித்திருப்பார்கள், படித்துத் தெரிந்துகொள்ளலாம். சாண் நீளத் துண்டில் எந்த எழுத்து மிஞ்சும்? அதனால் வாரக் கடைசியில் மூக்கர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, வெட்டின வாயை மூக்கருகே கொண்டுபோய், இது இதற்கு, அது அதற்கு என்று எறிவார். வேறு பட்டறைக்காரர்கள் கேள்விப்பட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். துண்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கித் தொலையேன் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் இந்தப் பட்டறைக்கு எதையும் தூக்கி எறிந்து பழக்கமில்லை. எறியாமல் இருக்கத் தைரியம் கொடுத்தது அந்த மூக்கு.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். படுத்தார், எழுந்தார். காய்ச்சல் போனது, போகிறபோது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. குளிக்கிறபோது சோப்பைத் தேய்த்தார். கல்லைத் தேய்த்த மாதிரி இருந்தது. பட்டறைக்குள் நுழைந்தார்; கிரீஸும் பெட்ரோலும் டயரும் கிடக்கிற அந்த இடம், யாரோ நேற்று ராத்திரி கழுவித் துடைத்துவிட்டுப் போன அறை போல இருந்தது.

நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தார். வரவில்லை. அதற்கப்புறம், இத்தனை நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று சொல்லாமல் இருந்தார்.

மோப்பத்தோடு வேறு சிலதும் போயின. தட்டில் எதைப் போட்டாலும் உப்பு தெரிந்தது, உறைப்பு நாக்கைச் சுட்டது, மற்றபடி மெல்லுகிற வேலை. "எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்பாள். "நல்லா இருக்கு" என்பார். நேற்றும் அதே, நாளைக்கும் அதே. பேருந்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சொந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். யாராவது ஜோக் அடித்தால், சிரிக்க வேண்டிய இடம் தெரிந்து சிரித்தார். வருத்தப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. நெடுநேரம் சம்மணம் போட்டு எழுந்தவனுக்குக் கால் மரத்திருக்கும் பாருங்கள், அப்படி. கால் இருக்கிறது, நடக்கவும் செய்கிறது. தன்னுடைய கால் மாதிரிதான் இல்லை.

ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்தது. அதே சமையலறையில் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து மூக்கர் ரேடியோவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

"தெரு முழுக்க வாடை அடிக்குது, பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க, தெரியலையா?"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பட்டறையில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஹோஸ் சேர்கிற இடத்திலெல்லாம் செய்தித்தாளைக் கிழித்துச் சுற்றி, பம்பை ஓடவிட்டுப் பார்ப்பார். காகிதம் நனையவில்லை என்றால் கசிவு இல்லை. நல்ல முறைதான், பகிரங்கமாகவே செய்யலாம். ஆனால் செய்தால், "மூக்குக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவனாவது கேட்பான். அதனால் மற்றவர்கள் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்துச் செய்தார். அவர்கள் திரும்பியதும் காகிதங்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, குனிந்து, ஊரறிய ஒரு மோப்பம் பிடித்து, "போகலாம்" என்றார். முதலாளியம்மா தலையாட்டினார். சாவி கை மாறியது.

டப்பாவுக்கு மட்டும் எந்தக் காகிதமும் உதவவில்லை. வாரக் கடைசியில் முக்காலி போட்டாக வேண்டும், எல்லாரும் பார்த்துப் பழகிய காட்சி. உட்கார்ந்தார். துண்டை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், தோன்றின டப்பாவில் எறிந்தார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. அன்றைக்கு இரண்டு டப்பாவையும் கவிழ்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு, ஏன் என்று கேட்டவர்கள் மேல் நாலு சத்தம் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. சோறு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு நல்லா இருக்கு என்று சொன்ன அதே குரலில், "இது பெட்ரோல்" என்று சொல்லி எறிந்தார்.

பேத்தி பிறந்ததும் அந்த நாட்களில்தான். ஆஸ்பத்திரியில் மகள் களைத்துப் படுத்திருந்தவள், அப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அப்பா, உச்சி மோந்து பாருங்க. நான் பொறந்தப்போ என் தலையில ஒரு வாசனை இருந்துச்சு, அது இன்னும் மூக்குலயே இருக்குன்னு சொல்லுவீங்களே. இவளுக்கும் அதேதானா?"

மூக்கர் துணிச் சுருளைக் கையில் வாங்கிக் குனிந்தார். ஈரமான பூமுடி மூக்கில் பட்டது. சூடாக இருந்தது. வேறெதுவும் இல்லை. மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே உன் வாசனைதாம்மா" என்றார்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்க்க வந்த எல்லாரிடமும் அதைச் சொன்னாள். வெளியூரில் வேலை பார்க்கிற புருஷனைப் போனில் கூப்பிட்டு முதலில் சொன்னது அதைத்தான். குழந்தையின் எடையை அப்புறம்தான் சொன்னாள்.

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதித்துச் சொல்கிற வேலை. காலையில் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அங்கே போக வேண்டும். கார் இல்லாமல் ஆகாது. இருந்தது ஒரு பழைய கார். அதன் எஞ்சின் ஒரு நாள் நடுரோட்டில் இறுகி நின்றுவிட்டது. பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து முதலாளியம்மாவே ஓர் எஞ்சினைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கொஞ்சம் புதிய மாடல், இன்ஜெக்‌ஷன் வகை. "உங்க பொண்ணு வண்டி. நீங்களே பாருங்க மூக்கரே, வேற யாரும் கை வைக்க வேணாம்" என்றார்.

எஞ்சினைத் தூக்கி உட்கார வைத்தால் பாதி வேலைதான் முடியும். பழைய எஞ்சின் கார்புரேட்டர் வைத்தது. பெட்ரோலைச் சப்பிச் சப்பிக் குடித்துக்கொண்டிருந்தது. புதுசுக்கு அது போதாது, பீய்ச்சி அடிக்க வேண்டும். பழைய குழாயில் அந்த அழுத்தத்தை விட்டால் முதல் நாளே வெடித்துக்கொள்ளும். டேங்குக்குள் புதுப் பம்ப், எஞ்சினுக்குப் போக ஒரு லைன், எஞ்சின் குடித்த மிச்சம் டேங்குக்குத் திரும்ப இன்னொரு லைன் என்று எல்லாமே மாற வேண்டும்.

ஹோஸ் கடைக்காரர் மூக்கரைப் பார்த்ததும் மூன்று சுருளை எடுத்து மேஜையில் போட்டார்.

"வாங்கண்ணே. நான் எதுவும் சொல்ல மாட்டேன். மோந்து பார்த்து நீங்களே எடுத்துக்கோங்க."

மூக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுருளைத் திருப்பித் திருப்பி அச்சைப் படித்தார்.

"என்னண்ணே, கண்ணாடியெல்லாம் போட்டுப் படிக்கிறீங்க?"

"வயசாச்சுப்பா."

கடைக்காரர் சிரித்தார். மூக்கரும் அந்த இடத்தில் சிரித்தார். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கென்று அச்சடித்திருந்ததை அளந்து வாங்கினார். ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பும் அப்படியே பார்த்து எடுத்தார். பல் வெட்டின சாதாரணக் கிளாம்ப் ரப்பரைக் கடித்துக் குதறிவிடும். உள்பக்கம் வழவழப்பான பட்டை வைத்ததாகப் பொறுக்கினார். காரின் அடியில் உலோகக் குழாயைத் தானே வளைத்து ஓட்டினார். புகைக்குழாய் ஒரு பக்கம் போனால் இது மறுபக்கம். உரசாமல் இருக்க ரப்பர் வைத்த பிடிகள். ஹோஸ் நழுவாமல் இருக்கக் குழாய் வாயை விரித்துவிட்டார். மல்லாந்து படுத்து அந்த வேலையைப் பார்த்தவர்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்றார்கள். கைக்கு வேலை மறக்கவில்லை. அவர் அதில் இருந்தாரா என்பது வேறு.

கடைசியில் ஒரு சாண் குறைந்தது. டேங்கின் தலையில், பின்சீட்டுக்கு அடியில் ஒரு மூடியைத் திறந்தால் வருகிற இடத்தில், திரும்பி வருகிற லைனைச் சேர்க்க ஒரு துண்டு வேண்டும். அன்றைக்கு ஹோஸ் கடை விடுமுறை. மகளுக்கு மறுநாள் வண்டி வேண்டும். திரும்புகிற லைனில் அழுத்தமும் கிடையாது, சும்மா வழிந்து விழுகிற பெட்ரோல். மூக்கர் எழுந்து போய்ப் பெட்ரோல் டப்பாவில் கையை விட்டு, அளவான துண்டு ஒன்றை எடுத்தார். பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார், கீழே இறக்கினார், மாட்டினார். பெட்ரோல் டப்பாவில் இருந்த துண்டு, பெட்ரோல் துண்டுதானே. பொறுக்கிப் போட்டவர் மூக்கர். பட்டறையில் எல்லாரும் மூக்கரை நம்பினார்கள். அந்த நேரத்தில் மூக்கரும் நம்பினார்.

காகிதம் சுற்றிப் பார்த்தார். எல்லாம் காய்ந்தே இருந்தன. ஊதுவதற்கு ரப்பருக்கு நாளாகும் அல்லவா. சாவி வாங்க வந்த மகள், முதலாளியம்மா கேட்கிற கேள்வியைத் தானே கிண்டலாகக் கேட்டாள்: "மூக்கர் மோந்து பார்த்துட்டாரா?"

"பார்த்தாச்சு. போகலாம்."

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள். மகள் வாடகைக்கு ஒரு புது வீடு பார்த்திருந்தாள். அதைக் காட்ட அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மூக்கர் முன்சீட்டில், மனைவி பேத்தியோடு பின்சீட்டில். தூறல் போட்டதால் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. அந்தக் காரில் மனைவி ஏறுவது எஞ்சின் மாற்றியபின் அதுதான் முதல் தரம். பாலம் தாண்டுவதற்குள் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுது?"

"எடுத்துட்டு வந்த நாலு நாள்ல இருந்தே இருக்கும்மா. இப்ப கொஞ்சம் கூடியிருக்கு. நானும் முதல்ல பயந்தேன்." மகள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்புறம் யோசிச்சேன். அப்பா மோந்து பார்த்த வண்டி. அவருக்கே வராத வாடை நமக்கு வருதுன்னா, நம்ம மூக்குலதான் ஏதோ கோளாறு. இப்பகூடப் பாரு, பக்கத்துலதானே உட்கார்ந்திருக்காரு. ஏதாவது இருந்தா சொல்லாம இருப்பாரா?"

மனைவி பேத்தியை மடியில் நிமிர்த்திப் பிடித்தாள்.

"பாப்பாவுக்குத்தான் கார் ஒத்துக்கல. தினமும் காப்பகம் போறதுக்குள்ள வாந்தி எடுத்துடுறா. டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்காரு."

மேலே இருந்த கண்ணாடியில் மனைவியின் கண்கள் தெரிந்தன. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல வேண்டியவர் முன்சீட்டில் இருக்கிறார் என்று அவள் காத்திருந்தாள். மூக்கரின் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராகவே இருந்தது: புது ஹோஸ் வாடைம்மா, போகப் போகச் சரியாயிடும். சொல்லியிருப்பார். அதற்குள் பின்னால் குழந்தை ஓங்கரித்தது.

"வண்டிய ஓரங்கட்டு" என்றார். "எஞ்சின அணை. எல்லாரும் இறங்குங்க. விளக்கு, விசிறி எதையும் தொடாதே."

பூட்டிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் தகரப் பந்தலுக்குக் கீழ் அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். மூக்கர் நாலு கதவையும் திறந்துவிட்டு, பின்சீட்டின் மெத்தையைத் தூக்கி வெளியே வைத்து, மூடியைக் கழற்றினார். துண்டு தண்ணீரில் ஊறின ரொட்டி போல உப்பிக் கிடந்தது. கிளாம்ப் அதற்குள் புதைந்திருந்தது. விரலால் தொட்டதும் ஹோஸ் முனை வழுக்கிக்கொண்டு பாதி வெளியே வந்தது. இன்னொரு மேடு பள்ளத்தில் தானாகவே கழன்றிருக்கும், ஓடுகிற காரில், குழந்தையின் முதுகுக்கு நேர் கீழே. விரலெல்லாம் ஈரம். இப்போது பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது; பயம் வரும் என்று கொஞ்ச நேரம் குனிந்தபடியே காத்திருந்தார்.

மகள் பின்னால் வந்து நின்றாள்.

"என்னப்பா அது?"

"தண்ணி ஹோஸ்."

"தண்ணி ஹோஸ் எப்படி அங்க வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

"மோந்து பார்க்கலையா?"

"எனக்கு வாசனை வராதும்மா. காய்ச்சல்ல படுத்தேனே, அதுக்கப்புறம் எதுவுமே வரல. இவ்வளவு நாளும் சும்மா குனிஞ்சு நிமிர்ந்துட்டிருந்தேன்."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"பால் தீஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. "அவரா சொல்லட்டும்னு இருந்தேன். வீட்டோட போற விஷயம்னு நெனச்சேன். கார் வேலையிலயும் இப்படிப் பண்ணுவாருன்னு நெனக்கலையே." சொல்லிக்கொண்டே குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அப்போ நான் யாரை நம்பி இத்தனை நாள் புள்ளையப் பின்னாடி போட்டு ஓட்டுனேன்?" என்றாள் மகள். சத்தம் போடவில்லை.

மூக்கர் மனைவியின் போனை வாங்கி முதலாளியம்மாவைக் கூப்பிட்டார்.

"முதலாளி, பெட்ரோல் டப்பாவுல இருந்து யாரும் எதையும் எடுக்க வேணாம். ரெண்டு டப்பாவையும் கொட்டிடுங்க. நான் மோந்து போட்டது எல்லாமே குருட்டாம்போக்குல போட்டது." காரணத்தையும் சொன்னார்.

அதட்டல் வரும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அது வரவில்லை.

"நம்மகிட்ட பெட்ரோல் லைன் மாத்திட்டுப் போன சிவப்பு வேன்காரர் ரெண்டு தடவ வந்தாரு" என்றார் முதலாளியம்மா. அந்தக் குரலை மூக்கர் அதற்கு முன் கேட்டதில்லை. "வாடை அடிக்குதுன்னாரு. எனக்கும் அடிச்சுது மூக்கரே. நீங்க பார்த்த வண்டியாச்சேன்னு திருப்பி அனுப்பிட்டேன்." பிறகு, "வண்டி எடுத்துட்டுப் போன எல்லாரையும் கூப்பிடுறேன். நீங்க அங்கேயே இருங்க, வண்டிய இழுத்துட்டு வர ஆள் அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

கடைப் படியில் உட்கார்ந்தார். தூறல் நின்றிருந்தது. மகள் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், திரும்பாமலே கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில பாப்பாவ உச்சி மோந்தீங்களே?"

அவர் பந்தலிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"அதே வாசனைன்னு சொன்னீங்களே அப்பா. நான் அதை எத்தனை பேர்கிட்ட சொன்னேன் தெரியுமா?"

"ஒண்ணும் வரலம்மா அன்னைக்கு. நீ ஆசையாக் கேட்ட. சொல்லிட்டேன்."

மகள் திரும்பினாள். பிறகு அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வந்து, அவர் முன்னால் குனிந்து, பிள்ளையின் தலையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இப்ப மோந்து பாருங்க."

மூக்கர் மூச்சை இழுத்தார். முடி இப்போது அடர்ந்திருந்தது, மூக்கில் குறுகுறுத்தது. சூடாக இருந்தது.

"ஒண்ணும் தெரியல" என்றார்.

அவள் பிள்ளையின் தலையைத் தன் பக்கம் திருப்பி, அவர் மோந்த அதே இடத்தில் மூக்கை வைத்து நெடுநேரம் இழுத்தாள்.

"பெட்ரோல் வாடை அடிக்குதுப்பா" என்றாள். "தலை முழுக்க."

அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. கூடவே, இத்தனை நாளும் எங்கேயோ நின்றுகொண்டிருந்த அழுகை முழுவதும் ஒன்றாக வந்தது. பேத்தி என்னவென்று புரியாமல் அவரையே பார்த்தாள். அவளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டின பிறகு, கையெல்லாம் அதே பெட்ரோல் என்று நினைவு வந்தது. தொடாமல், இரண்டு கைகளையும் பிள்ளைமேல் படாத தூரத்தில் தூக்கிப் பிடித்தபடி, வண்டி இழுக்கிற ஆள் வரும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.